உங்களுக்குத் தெரியுமா? சவரக் கத்தியும் ஐப்பசி ஈரமும்

ஐப்பசி அடைமழை பிடித்தால் நம் வீடுகளில் உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும், தீக்குச்சி பற்றாது. அலமாரியில் இருக்கும் மடக்குச் சவரக் கத்தியிலும் அப்போதுதான் செம்புள்ளி விழும். தாத்தா வைத்துவிட்டுப் போன கத்தியோ, ஆசைப்பட்டு வாங்கிய புதுக் கத்தியோ, ஈரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்தில் கத்தி வைத்திருப்பவர்களுக்காகத் தொகுத்த செய்திகள் இவை.

நனையாமலே துரு

துருவுக்கு இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். தண்ணீர் குழாயிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்து துரு வேகமெடுக்கும். கோவையில் ஐப்பசிக் காலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போவது சாதாரணம். "நான் கத்தியைத் தொடவே இல்லையே, எப்படித் துருப்பிடித்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

துருவுக்கும் பருவம் உண்டு

கோவை நகரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் திறந்த கதவு. ஆனி, ஆடியில் அந்த வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும். வால்பாறையில் மழை விட்டபாடில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் அதே காற்று வறண்டு வீசும். நகரத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே பொள்ளாச்சிக்காரர் ஆடியிலேயே கத்திக்கு எண்ணெய் போட வேண்டும். மற்றவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கவனமாக இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் குளிர்ந்து கிடக்கும் எஃகின்மேல் வெந்நீர் ஆவி பட்டால் வியர்த்துவிடும். குளியலறையில் கத்தியை வைக்கவே கூடாது என்பது அதனால்தான்.

முதலில் தேய்வது வாய்

கத்திக்கு வாய் உண்டு, முதுகு உண்டு, பிடி உண்டு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். நன்றாகத் தீட்டிய சவரக் கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்தைத் துரு தின்பதற்கு ஓர் இரவு போதும். முதுகில் செம்புள்ளி தெரியும்போது வாய் ஏற்கெனவே கெட்டிருக்கும். நேற்று வழுக்கிக்கொண்டு போன கத்தி இன்று முடியைப் பிடித்து இழுக்கிறது என்றால், தீட்டல் போதவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஈரத்தையும் சந்தேகப்படுங்கள்.

நல்ல தண்ணியில் கழுவுங்கள்

கொங்கு நாட்டு வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணியோ ஆற்றுத் தண்ணீரோ வந்தால் நல்ல தண்ணி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணி. உப்பிலுள்ள குளோரைடுதான் எஃகுக்குப் பெரிய எதிரி. மேலோட்டமாகப் பரவாமல் ஊசி குத்தியதுபோல ஆழமாகக் குழி பறிக்கும். வியர்வையிலும் அதே உப்பு இருப்பதால், விரல் பட்ட இடத்தில் ரேகை வடிவிலேயே துரு படிவதைப் பார்க்கலாம். சவரம் முடிந்ததும் கடைசி அலசலுக்கு ஒரு குவளை நல்ல தண்ணி போதும்.

ஆணிப் பக்கம் மறந்துவிடாதீர்கள்

எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சவரம் முடிந்ததும் கத்தியை உடனே மடக்கமாட்டார். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துத் தொடைமேல் போட்டிருப்பார். முதுகைத் துணியில் வைத்து, வாய் பின்தங்கி வரும்படி ஒரு பக்கம், பிறகு மறு பக்கம், ஒரே இழுப்பாக இழுப்பார். அப்புறம் துணியின் ஒரு நூலைப் பிரித்து, பிடியின் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஆணி இருக்கும் சந்தில் விட்டு முன்னும் பின்னும் ஓட்டுவார். நூல் நனைந்து வெளியே வரும். காய்ந்து வரும்வரை ஓட்டுவார். "தண்ணியோட மடக்குனா, அதுக்குள்ள கெணறு வெட்டுன மாதரங் கண்ணு" என்பார்.

மடக்குக் கத்திகள் சில உடைவது அந்த ஆணிப் பக்கத்துத் துருவால்தான். வெளியே பளபளக்கும் கத்தி, ஆணி அருகே உள்ளுக்குள் இற்றுப் போயிருக்கும்.

படிகாரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்

கீறல் பட்டால் தடவும் படிகாரம் அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. தண்ணீரில் கரைந்தால் அமிலத்தன்மை வரும். படிகாரம் தொட்ட கையால் கத்தியைத் தொட்டால் மறுநாள் அந்த இடம் கறுத்திருக்கும். முதலில் கத்தியைத் துடைத்து உள்ளே வையுங்கள், பிறகு படிகாரத்தை எடுங்கள். ஒரே டப்பாவில் இரண்டையும் போடுவது கத்தியை நாமே கொல்வதற்குச் சமம்.

தேங்காய் எண்ணெயின் பலமும் பலவீனமும்

ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் பிசினாக இறுகும். நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு அது கையெட்டும் தூரத்தில் இருப்பதும் வசதி. ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் கொழுப்பு அமிலமும் இருக்கும், சிக்கு வாடை வந்த எண்ணெய் எஃகை மெல்ல அரிக்கும். ஆகவே தினமும் எடுக்கும் கத்திக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் எடுத்து வைக்கும் கத்திக்குத் தையல் மிஷின் எண்ணெயே சரி.

இன்னொன்று: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் புட்டியில் கட்டியாக நிற்கும் எண்ணெயை அப்படியே தேய்த்தால் திட்டுத்திட்டாக ஒட்டும். உள்ளங்கையில் உருக்கிப் பூசுங்கள்.

எண்ணெய்க்கு முன் ஈரம் போக வேண்டும்

தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கும். ஈரக் கத்திமேல் எண்ணெய் பூசினால் ஈரம் அடியில் சிறைப்பட்டுவிடும். கோவைப் பட்டறைகளில் புழங்கும் டபிள்யூடி-40 இந்த இடத்தில் உதவும். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், இரும்புமேல் இருக்கும் நீரை விரட்டுவதற்காகவே செய்யப்பட்டது அது. 40-ஆவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதைத்தான் பெயரிலுள்ள எண் சொல்கிறது. ஆணிச் சந்தில் ஒரு துளி விட்டுத் துடைத்தால் நீர் வெளியேறும். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது, அதன்மேல் எண்ணெய் போட்டே ஆக வேண்டும். முகத்தில் வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பருத்தி துடைக்க மட்டும்

பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இது புரியும். நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் காற்றில் ஈரம் ஏற்றுவார்கள். பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும் என்பதுதான் வணிகக் கணக்கே. அதனால் துடைப்பதற்குப் பருத்தியை மிஞ்சிய துணி இல்லை. அதே துணியில் கத்தியைச் சுற்றி வைத்தால் வாங்கிய ஈரத்தை எஃகுக்கே திருப்பிக் கொடுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று மல்லுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த கத்தியை, ஒரு மழைக்காலம் கழித்து நெசவுத் தடம் அச்சடித்ததுபோல் துருவோடு நானே எடுத்திருக்கிறேன்.

தோல் உறையும் வேண்டாம்

பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் அமிலம் உண்டு, ஈரத்தையும் உறிஞ்சும். கத்தி தீட்டும் தோல் வாரில் கத்தி சில விநாடிதான் இருக்கிறது, அதனால் பாதகமில்லை. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் துரு நிச்சயம். கோவையில் பம்பு, வால்வு, கியர் செய்து அனுப்பும் பட்டறைகளில் ஒருவிதப் பழுப்புத் தாளில் பொருளைச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். விசிஐ பேப்பர் என்பார்கள். அதிலிருந்து மெதுவாகக் கிளம்பும் ஆவி எஃகின்மேல் படிந்து துருவைத் தடுக்கும். அதில் ஒரு துண்டு, கூடவே மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு, காற்றுப் புகாத டப்பா ஒன்று. ஒரு மழைக்காலத்துக்கு இந்த ஏற்பாடு தாங்கும்.

பிடியே கத்தியைத் தின்னும்

பழைய கத்திகள் சிலவற்றின் பிடி செல்லுலாய்டில் செய்தது. தந்தம்போலவோ ஆமை ஓடுபோலவோ அழகாக இருக்கும். வயதான செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு ஆவி கிளம்பும். மடக்கிய நிலையில் அந்த ஆவி முழுவதும் கத்திமேல் படும். எத்தனை முறை தேய்த்தாலும் பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் திரும்பத் திரும்பத் துருப்பிடித்தால், காரணம் பிடியில் இருக்கிறது. பிடியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. அத்தகைய கத்தியை மற்ற கத்திகளோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

துருவை எடுப்பது எப்படி?

நகத்தளவு செம்புள்ளி ஒன்று முதுகுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: புள்ளியின்மேல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். எண்ணெய் துருவுக்குள் இறங்கி அதன் பிடியைத் தளர்த்தும்.

மறுநாள்: ஒரு மரப்பலகையின் ஓரத்தில் கத்தியைப் படுக்க வையுங்கள். பித்தளை துலக்கும் பிராசோ கொஞ்சம் பஞ்சில் எடுத்து, முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக மட்டும் தேயுங்கள். வாயை எட்டுமுன் நிறுத்துங்கள். பஞ்சு முதலில் செம்பழுப்பாக வரும், பிறகு கறுப்பாக வரும். செம்மை நின்று கறுப்பு மட்டும் வந்தால் துரு போய்விட்டது, இப்போது எஃகு தேய்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள்.

போகவில்லை என்றால் 2000 எண் வாட்டர் பேப்பரை ஓர் அழிரப்பரில் சுற்றி, எண்ணெய் தொட்டு மெல்லத் தேயுங்கள். 400, 600 எண் தாள்கள் கத்திக்கு ஆகாது. அவை போடும் கோடுகளே அடுத்த மழைக்கு ஈரம் தங்கும் வாய்க்கால்கள். கத்தியில் பொன்முலாம் பூசிய எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், இரண்டே தேய்ப்பில் அழிந்துவிடும்.

கடைசியாகச் சோப்பில் கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வாயின் விளிம்பிலேயே கரும்புள்ளிக் குழிகள் இருந்தால் அது வீட்டு வேலை இல்லை. சாணை பிடிக்கத் தெரிந்தவர் கல்லில் தேய்த்து, குழி இல்லாத எஃகு வரும்வரை இறங்க வேண்டும். குழி அதற்கும் போகாவிட்டால் அந்தக் கத்தியை முகத்தில் வைக்காதீர்கள்.

புளி பித்தளைக்கு, கத்திக்கு அல்ல

புளியும் எலுமிச்சையும் காடியும் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. நிறுத்தத் தெரியாது என்பதும் உண்மை. துரு தீர்ந்ததும் அமிலம் எஃகைத் தொடும், கத்தியின் பரப்பு சாம்பல் நிறமாகும். கழுவிக் காயவைப்பதற்குள் புதுத் துரு மஞ்சளாகப் பூக்கும். குத்துவிளக்குக்குக் காட்டும் அன்பைக் கத்திக்குக் காட்ட வேண்டாம். சாம்பலும் அப்படியே. அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுப்பில் காட்டாதீர்கள்

சவரக் கத்தி எஃகைக் காய்ச்சித் தோய்த்தபின், ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரியில் பதப்படுத்துவார்கள். சீக்கிரம் காயட்டும் என்று தீயில் காட்டினால் மெல்லிய வாய் நொடியில் அதைத் தாண்டிவிடும். வைக்கோல் மஞ்சளும் நீலமும் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கருக்கு நிற்காது.

துருவால் வருவதில்லை டெட்டனஸ்

டெட்டனஸ் நோயைக் கொண்டுவருவது மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா. துரு அதை உண்டாக்குவதில்லை. துருவின் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், அவ்வளவுதான். பளபளக்கும் கத்தி வெட்டினாலும் ஆழமான காயம், அழுக்குப் பட்ட காயம் என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

நொய்யல் கரையில் எஃகு உலை

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்யும் மூசைகளின் தடயங்களும் வெளிவந்தன. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணுக்கு எஃகு தெரியும்.

ஆவாரையும் எருக்கும் சேர்ந்த எஃகு

சேலம் பகுதியில் எஃகு செய்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் எழுதிவைத்தார். தேனிரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்க இலையால் மூடி, மண் மூசையில் அடைத்துக் காய்ச்சுவார்கள். குச்சியிலும் இலையிலும் இருக்கும் கரி இரும்பில் ஏறி எஃகாகும். ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். சவரக் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலையே அந்த முறை மாற்றியது.

ஃபாரடேயின் சவரக் கத்தி

லண்டனில் அறுவைக் கருவியும் சவரக் கத்தியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இந்திய எஃகில் செய்த கத்திகள் என்றே விளம்பரம் செய்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இது மேல் என்பது அவர் கணிப்பு. அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1819 முதல் அந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடினார்கள். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எனக் கலந்து பார்த்தார்கள். துரு ஏறாத எஃகு கிடைக்குமா என்பதும் அவர்கள் கேள்விகளில் ஒன்று. விடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 12.8 விழுக்காடு குரோமியம் சேர்த்தபோது கிடைத்தது. அதனாலேயே ஸ்டெயின்லெஸ் கத்தியை ஈரத்தில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். உப்புத் தண்ணி அதையும் குழி பறிக்கும்.

கோவையின் மோட்டார் கத்தி

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு (1893–1974). பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் வைத்த "ரேசன்ட்" சவரக் கருவி அவருடைய கண்டுபிடிப்பு. மிக மெல்லிய சவர பிளேடும் செய்தார். கோவையில் அவர் பெயரால் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

பாதி பிளேடு வந்த கதை

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வு பரவ, சலூன்களில் முழுக் கத்தி மறைந்து, பாதி பிளேடை ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. ஒருவருக்கு ஒரு பிளேடு என்பது நல்ல வழக்கம், அது நிலைக்க வேண்டும். பிளேடு செருகும் சந்திலும் ஈரம் தங்கும் என்பதைத் தொழில் செய்பவர்கள் மறக்கக் கூடாது. பழைய மடக்குக் கத்தி இனி ஒரே ஒருவரின் சொந்தப் பொருளாக மட்டுமே இருக்கட்டும்.

கத்தி பிடித்த கையே வாழ்த்துப் பாடியது

கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர்தான். குடிமகன் என்பது அவருக்கு இங்கே வழங்கும் பெயர். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த நெடும்பாட்டை ஏடு பார்க்காமல் பாடுவார்கள். ஈரக் காற்றில் எஃகைக் காக்கும் அறிவும் அதேபோல எழுதாமல் கைமாறி வந்ததுதான். உங்கள் ஊரில் வயதான நாவிதர் யாராவது இருந்தால், அவருடைய கத்தியை எப்படித் துடைப்பார் என்று போய்க் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

காரைக்குடியில் துருவுக்கு ஓர் ஆய்வகம்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டியது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோக அரிப்பு அங்கே தனித் துறை. கடல் காற்று எஃகை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமும் வைத்திருக்கிறார்கள்.

மண்ணிலிருந்து எடுத்த பின்னும்

பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த இரும்பு, வெளியே எடுத்தபிறகுதான் வேகமாகச் சிதையத் தொடங்கும். உள்ளே ஊறிய குளோரைடு உப்பு, புதிதாகக் கிடைத்த காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து வேலையைக் காட்டும். அதனால் அகழாய்வில் கிடைக்கும் வாளையும் அம்பு முனையையும் உப்பு நீக்கி, உலர்த்தி, ஈரமில்லாத பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். உப்பை அலசு, ஈரத்தைத் துடை, உலர்ந்த இடத்தில் வை. உங்கள் அலமாரிக் கத்திக்கும் இதே மூன்று வேலைதான்.

இன்று காலை சவரம் செய்தவர்கள் எழுந்துபோய்க் கத்தியைத் திறந்து, ஆணிச் சந்தில் ஒரு நூலை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நனைந்து வந்தால், காய்ந்து வரும்வரை ஓட்டிவிட்டு மடக்குங்கள்.